கிறிஸ்துவுக்குள் ஜாதி

நமது நாட்டுக் கிறிஸ்தவ சகோதரர்களில் பக்தியுள்ள ஒருவரைப் பார்த்து "நீர் யார்?" என்று கேட்டால், அவர் தமது ஊரையும் தொழிலையும் சொல்லுவதற்கு முந்தியே, தாம் கிறிஸ்துவுக்குள் மறுபடி பிறந்தவர் என்றும், தமது பழைய மனுஷன் ஞானஸ்நானத் தண்ணீரில் செத்துப் போனான் என்றும், தாம் இப்போது ஒரு புதுச் சிருஷ்டி என்றும், தேவனுடைய பிள்ளை என்றும், பரலோகமே தமது சொந்த தேசம் என்றும், இவ்வுலகில் தாம் ஒரு வழிப்போக்கர் மாத்திரமே என்றும் சொல்லுவார். இதை அவர் ஒப்புக்குச் சொல்லுவதாக நாம் நினைக்கவில்லை. மனப்பூர்வமாய் நம்பியேதான் சொல்லுகின்றார்.

ஆத்துமா என்று ஒன்று உண்டா, பரலோகம் என்று ஒரு தேசம் உண்டா என்கின்ற விவகாரத்தை நாம் இன்று எடுத்துக் கொள்ளவில்லை. அவற்றைப் பற்றிய நமது அபிப்பிராயம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. இன்று நாம் கேட்பதெல்லாம், அவர் சொல்லுவதை அப்படியே ஒப்புக் கொண்டு, அந்தப் புதுப் பிறப்பானது இந்தப் பூமியில் எந்த இடத்தில் செல்லுபடியாகின்றது என்பதுதான்.

ஏனெனில், வருணாசிரம தர்மத்தைவிட இந்தக் கொள்கை மேலானது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. வருணாசிரமத்தில் ஒருவனுக்கு ஒரு தடவைதான் பிறப்பு. அதிலேயே அவனுடைய கதி முடிந்து போகின்றது. இருபிறப்பாளர் என்று சிலர் தங்களைச் சொல்லிக் கொண்டாலும், அந்த இரண்டாம் பிறப்பைத் தங்கள் வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்துக் கொண்டார்கள். பெற்ற தாய்க்கும் உடன் பிறந்த சகோதரிக்கும்கூட அதில் பங்கு கிடையாது. கிறிஸ்தவரோ, வா, யாராயிருந்தாலும் வா, இன்னொரு தடவை பிறந்து கொள் என்று தெருவில் நின்று கூப்பிட்டார்கள். கூப்பிட்ட சத்தம் கேட்டு லட்சக்கணக்கான ஆதிதிராவிட மக்கள் ஓடினார்கள். ஓடினது நியாயமே. ஓடிப் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன கிடைத்தது என்பதுதான் கேள்வி.

இந்தக் கொள்கை முதன்முதலில் எப்படிப் பிறந்தது என்பதை நமது கிறிஸ்தவ நண்பர்களே அவ்வளவாக நினைவில் வைத்துக் கொள்வதில்லை. யூதன், யூதனல்லாதவன், அடிமை, எஜமான், ஆண், பெண் என்கின்ற வித்தியாசங்கள் கிறிஸ்துவுக்குள் இல்லை என்று பவுல் என்பவர் கலாத்தியருக்கு ஒரு நிருபம் எழுதினார். அது எதைப் பற்றிய சண்டையில் எழுதப்பட்டது? மோட்சத்தைப் பற்றியல்ல, சாப்பாட்டுப் பந்தியைப் பற்றி! அந்தியோகியா பட்டணத்தில் பேதுரு என்பவர் யூதரல்லாதவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆசாரக்காரர்கள் சிலர் வந்து சேர்ந்ததும், பயந்து கொண்டு பந்தியை விட்டு மெல்ல விலகிக் கொண்டார். பெரியவர் விலகினதைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். அப்போது பவுல் பேதுருவை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேராய்க் கண்டித்ததாக அந்த நிருபத்திலேயே எழுதியிருக்கின்றது. அதாவது, நாம் இன்று சமபந்தி போஜனம் என்று எதைச் சொல்லுகின்றோமோ, அந்தச் சச்சரவில் பிறந்த கொள்கைதான் இது. கிறிஸ்தவர்கள் என்கின்ற பெயரே அந்த அந்தியோகியா பட்டணத்தில்தான் முதலில் வழங்கிற்று என்று அவர்களுடைய புஸ்தகமே சொல்லுகின்றது. ஆகவே கிறிஸ்தவன் என்கின்ற பெயரும், சேர்ந்து சாப்பிடலாமா கூடாதா என்கின்ற சச்சரவும் ஒரே ஊர்க்காரர்கள். தட்டிலும் கிண்ணத்திலும் பிறந்த இந்தச் சமத்துவத்தை ஆத்துமாவுக்குள் கொண்டு போய் வைத்துப் பூட்டினவர்கள் பின்னால் வந்தவர்களே.

ஆனால் பின்னால் வந்தவர்கள் மேல் மாத்திரம் பழியைப் போட்டுவிட்டு பவுலைத் தப்ப விடுவதும் சரியல்ல. பூட்டுக்குச் சாவி செய்து கொடுத்தவர் அவர்தான். ஒநேசிமு என்கின்ற ஓர் அடிமையை அவனுடைய எஜமான் பிலேமோனிடத்திற்கே அவர் திருப்பி அனுப்பினார். அவனைச் சகோதரனாக ஏற்றுக் கொள் என்று கெஞ்சிக் கேட்டு எழுதினாரே ஒழிய, அவனை விடுதலை செய் என்று பச்சையாக ஒரு வார்த்தை எழுதவில்லை. யூதன் விஷயத்தில் பந்தி வரையில் வந்த சமத்துவம், அடிமை விஷயத்தில் ஆத்துமாவோடு நின்று விட்டது. இந்தச் சந்து போதாதா? 1667-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்த வெள்ளைக்காரப் பிரபுக்கள், தங்கள் நீக்ரோ அடிமைகள் ஞானஸ்நானம் பெற்றுவிட்டால் விடுதலை கேட்பார்களோ என்று பயந்து, ஞானஸ்நானத்தினால் அடிமைத்தனம் மாறாது என்று ஒரு சட்டமே செய்து கொண்டார்கள். ஆத்துமா கர்த்தருக்கு, சரீரம் எஜமானுக்கு! சட்டம் செய்தவர்களும் கிறிஸ்தவர்களே, கட்டுண்டவர்களும் கிறிஸ்தவர்களே.

நமது நாட்டில் இதற்குச் சட்டசபை தேவைப்படவில்லை. ஒரு வார்த்தை போதுமானதாயிருந்தது. 1606-ஆம் வருஷத்தில் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி என்கின்ற இத்தாலிய தேசத்துப் பாதிரியார், பறங்கி மதம் என்று மேல்ஜாதியார் அருவருப்பதைக் கண்டு, தாம் பறங்கியல்ல என்று சொல்லிக் காவி உடுத்தி, மரக்கறி உண்டு, சந்நியாசியாய் வாழ்ந்தார். தமிழும் வடமொழியும் கற்றார். அவருடைய உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பூணூல், குடுமி, சந்தனம் முதலியவை மதத்தைச் சேர்ந்தவையல்ல, வெறும் லௌகீக வழக்கங்களே என்று அவர் வாதித்தார். 1623-ல் பதினைந்தாம் கிரகோரி என்கின்ற போப்பாண்டவர் அதை ஒப்புக் கொண்டு அனுமதி கொடுத்தார். அந்த "லௌகீகம்" என்கின்ற ஒரே வார்த்தையைப் பிடித்துக் கொண்டு ஜாதியானது கோயிலுக்குள் வந்து உட்கார்ந்து விட்டது. ஜாதி மதமாயிருந்தால் அல்லவோ விட வேண்டும்? அது லௌகீகம்தானே! பிறகு மேல்ஜாதிக்கு ஒருவிதப் பாதிரி, கீழ்ஜாதி என்பவர்களுக்கு வேறுவிதப் பாதிரி என்று ஏற்பாடாயிற்று. 1744-ல் பதினாலாம் பெனடிக்ட் என்கின்ற போப்பாண்டவர் இந்த மலபார் சடங்குகள் விவகாரத்தை முடித்து வைத்தபோதுகூட, பறையர் என்பவர்களுக்கென்று தனியாகப் பாதிரிமாரை நியமித்துக் கொள்ளுகின்றோம் என்ற ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்தே முடித்தார். பறையர் குடிசைக்குள் நுழைந்த பாதிரியாரை மேல்ஜாதிக் கிறிஸ்தவர் தங்கள் வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதுதான் இதற்குக் காரணம். பாதிரியாருக்கே தீட்டு!

ஆத்துமாவுக்கு ஜாதி இல்லை என்று சொல்லுவதற்காக ஒருவர் கப்பலேறி மாதக்கணக்காய்ப் பிரயாணம் செய்து வரவேண்டிய அவசியமே இல்லை. அதை நமது மடாதிபதிகளே வெகு காலமாய்ச் சொல்லிக் கொண்டிருக்கின்றார்கள். எல்லா ஆத்மாவும் ஒன்று, எல்லாம் பிரம்மம், ஆனால் அந்தக் கிணற்றில் மாத்திரம் தண்ணீர் மொள்ளாதே என்பதுதானே அத்வைதம்? ஆத்துமாவில் மாத்திரம் சமத்துவம் கொடுப்பது, கொடுக்கின்றவனுக்குக் காலணா செலவில்லாத தர்மம்.

புரோட்டெஸ்டெண்டுகள் போப்பாண்டவரை ஒப்புக் கொள்ளாதவர்களாயிற்றே, அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். 1706-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்பவர் வந்து இறங்கினதிலிருந்து அவர்களுடைய சபை ஆரம்பம். பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் நமக்கு அவர்களால் வந்தன. அதற்கு நாம் நன்றியுள்ளவர்களே. ஆனால் கோயிலுக்குள் வெள்ளாளக் கிறிஸ்தவர் ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர் ஒரு பக்கம். இராப்போஜனப் பாத்திரத்தில் மேல்ஜாதியார் குடித்த பிறகுதான் மற்றவர்கள் குடிக்க வேண்டும். இது நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது. கடைசியாக 1833-ல் கல்கத்தா பிஷப்பாயிருந்த டேனியல் வில்சன் துரை, ஜாதியை அடியோடு உடனே விட்டுவிட வேண்டும் என்று சபைகளுக்குக் கடிதம் அனுப்பினார். 1835-ல் தஞ்சாவூருக்கு நேரிலும் வந்தார். பலன் என்ன? தஞ்சாவூரிலும் மற்ற இடங்களிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டில் வல்லவர், கிறிஸ்துவின் மேல் அவருக்கிருந்த பக்தியைச் சந்தேகிப்பவர் ஒருவருமில்லை. அவரே அதற்கு முன்பே, 1829-ல், ஜாதி வித்தியாசத்தை எடுக்க வந்த புதுப் பாதிரிமாரைக் கண்டித்து எழுதினார். பிறகு லீப்சிக் லுத்தரன் சங்கத்தார் வந்து, ஜாதி லௌகீக விஷயம்தான் என்கின்ற பழைய பாட்டைப் பாடியவுடன், வெளியேறினவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்து கொண்டார்கள். இதில் யோசிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர்கள் கிறிஸ்துவை விடவில்லை. ஜாதியையும் விடவில்லை. இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்று கட்டாயம் வந்தபோது, அவர்கள் விட்டது சபையை! மறுபடி பிறந்தவருக்கு முதல் பிறப்பின் மேல் அவ்வளவு வாஞ்சை.

நிற்க. திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தை எடுத்துக் கொள்வோம். அவ்வூர் கத்தோலிக்கக் கோயிலில் வெள்ளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே பூசை காண வேண்டும் என்பதற்காக, 1872 வாக்கில், பீடத்தில் மாத்திரம் ஒன்று சேருகின்ற இரண்டு கூடங்களாகக் கோயிலைக் கட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் கால்சட்டை போலிருக்கும் என்பதனால் கால்சட்டைக் கோயில் என்றே அதற்குப் பெயர் வந்தது. கடவுள் இடுப்பில், பக்தர்கள் ஆளுக்கொரு காலில்! 1910 வாக்கில் பாதிரிமார் நடுவிலிருந்த தடுப்பை எடுத்தபோது, மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் சுவரைத் திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு சென்னை ஹைகோர்ட் வரையில் வந்தது. தீட்டு என்பதை மதமாக ஒப்புக் கொள்ளாத நீங்கள் தீட்டுப்படும் என்று வழக்காட எங்ஙனம் உரிமை கொண்டாடலாம் என்கின்ற கருத்தில் ஹைகோர்ட்டார் அதைத் தள்ளி விட்டார்கள். கிறிஸ்தவர்களுக்குக் கிறிஸ்தவக் கொள்கை இன்னதென்று போதிக்கும் வேலை கோர்ட்டாருக்கு வந்து சேர்ந்தது.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745-ஆம் வருஷத்தில் திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தரான நீலகண்ட பிள்ளை என்பவர் ஞானஸ்நானம் பெற்றார். தேவசகாயம் என்று பெயர் வைத்தார்கள். தாழ்ந்த ஜாதியார் என்பவர்களோடு கூடிப் பழகினார், கூட உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதும் அவர் மேல் கொண்ட கோபத்துக்கு ஒரு காரணம். 1752-ல் ஆரல்வாய்மொழியருகில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதாவது, மறுபிறப்பை ஆத்துமாவிலிருந்து சாப்பாட்டு இலை வரையில் கொண்டு வந்த ஒரு மனிதர். அவரை அவருடைய மதத்தார் எப்படி நினைவு வைத்தார்கள்? தேவசகாயம் பிள்ளை என்று! 2012-ல் அவருக்கு முக்திப்பேறு பெற்றவர் என்கின்ற பட்டம் கொடுத்தபோதும் அந்த வால் ஒட்டிக் கொண்டேயிருந்தது. ஜாதிப் பட்டத்தோடு ஒருவரைப் புனிதராக்குவதா என்று சிலர் ஆட்சேபித்து எழுதின பிறகே ரோமாபுரியார் அதை எடுத்தார்கள். 2022-ஆம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி வெறும் தேவசகாயமாகப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது. உயிர் போய் 270 வருஷம் கழித்து, ரோமாபுரியிலிருந்து ஒரு கத்திரிக்கோல் வரவேண்டியிருந்தது. அந்தக் கத்திரிக்கோல் நமது ஊர்ச் சபைகளின் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் எப்போது வந்து சேரும் என்பது தெரியவில்லை. சவரிமுத்து என்றும் அருளப்பன் என்றும் புதுப் பெயர் வைத்து, அதன் பின்னால் உடையாரையும் முதலியாரையும் நாடாரையும் சேர்த்து அச்சடிப்பதில் ஒரு குறைவும் இல்லை.

உயிரோடிருக்கும்போது லௌகீகம், சரி. செத்த பிறகுமா லௌகீகம்? திருச்சிராப்பள்ளி மேலப்புதூரிலுள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் மேல்ஜாதிப் பிணங்களுக்கும் தாழ்த்தப்பட்டவர் பிணங்களுக்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். அதை இடித்துத் தள்ள 2010-ல் கிளர்ச்சி நடந்தது. பிணங்களெல்லாம் கடைசி நாளில் எக்காளச் சத்தம் கேட்டு ஒன்றாய் எழுந்திருக்கும் என்பது இவர்களுடைய விசுவாசம். எழுந்திருக்கும்போது எந்தப் பக்கத்தார் முந்தி எழுந்திருப்பது, சுவரைச் சுற்றிக் கொண்டு போவதா தாண்டிப் போவதா என்பதற்கும் ஏதாவது ஏற்பாடு இருக்கின்றதா? இது பரிகாசமல்ல. சுவர் கட்டினவர்கள் யோசித்திருக்க வேண்டிய விஷயம்.

அன்றைய விழுப்புரம் ஜில்லா எறையூரில் நடந்தது பரிகாசத்துக்கும் இடமில்லாத சங்கதி. அங்கே வன்னியக் கிறிஸ்தவரும் ஆதிதிராவிடக் கிறிஸ்தவரும் ஒரே கத்தோலிக்க மதம், ஒரே மாதா கோயில். கோயிலில் தனியிடம், பிணம் கொண்டு போகத் தனி வழி என்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஆதிதிராவிடர், எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். 2008-ஆம் வருஷம் மார்ச் மாதம் 9-ந் தேதி அவர்கள் தெருவின் மேல் தாக்குதல் நடந்து, போலீசார் சுட்டதில் வன்னியர் இருவர் மாண்டார்கள். மாண்டவர்களும் கிறிஸ்துவின் சரீரத்தில் அவயவங்கள், அடிபட்டவர்களும் அதே சரீரத்தின் அவயவங்கள் என்றுதான் அவர்களுடைய ஞானோபதேசம் சொல்லுகின்றது.

இனி சர்க்கார் இந்தப் புதுப் பிறப்பை எப்படிப் பார்க்கின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின்படி இந்துவாயிருந்தால்தான் ஒருவர் ஷெட்யூல்டு ஜாதி. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லீம்களும் இன்னும் வெளியில்தான். (நமது மாகாணத்தில் அவர்களைப் பிற்பட்டோர் ஜாபிதாவில் சேர்த்திருக்கின்றார்கள்.) சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த ஓர் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், மற்றச் சக்கிலியத் தொழிலாளருக்குச் சர்க்கார் இனாமாகக் கொடுத்த பெட்டிக்கடை தமக்கு மாத்திரம் இல்லையென்றதைக் கேட்டு சுப்ரீம் கோர்ட் வரையில் போனார். 1985-ல் கோர்ட்டார், மதம் மாறின பிறகும் ஜாதி தொடருகின்றது என்று காட்டினால் மாத்திரம் போதாது, புது மதத்திலும் அதே அளவு கொடுமை இருக்கின்றதென்று ருசுப்படுத்த வேண்டும் என்று சொல்லி அனுப்பி விட்டார்கள். 2024-ஆம் வருஷம் நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் தாம் இந்து வள்ளுவர் என்று சொல்லி உத்தியோகத்துக்கு ஜாதிச் சான்று கேட்டபோது, ஞானஸ்நானம் பெற்றதையும் கோயிலுக்குப் போய் வருவதையும் காட்டி, நீ கிறிஸ்தவள்தான் என்று அதே கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள்.

ஆகவே ஆதிதிராவிடக் கிறிஸ்தவரின் நிலைமையைப் பாருங்கள். தாசில்தார் கச்சேரிக்குப் போனால், உனது மதத்தில் ஜாதி இல்லையே, நீ எப்படித் தாழ்த்தப்பட்டவன் என்கின்றார்கள். மாதா கோயிலுக்குப் போனால், நீ தாழ்த்தப்பட்டவனாயிற்றே, அந்தப் பக்கம் உட்கார் என்கின்றார்கள். கச்சேரியில் அவர் முழுக் கிறிஸ்தவர், கோயிலில் முழுப் பறையர். எங்கே கிறிஸ்தவராயிருப்பது நஷ்டமோ அங்கே மாத்திரம் அவருடைய ஞானஸ்நானம் செல்லுபடியாகின்றது. ஜாதி எங்கள் மதத்தில் இல்லை என்று வெளியில் பிரசங்கம் செய்கின்ற பாதிரிமார், சர்க்காரிடத்தில் சலுகை கேட்கும்போது எங்கள் மதத்திலும் ஜாதி இருக்கின்றதே என்று மகஜர் கொடுக்க வேண்டியவர்களாயிருக்கின்றார்கள். அந்த மகஜரின் கோரிக்கை நியாயமானது, கொடுக்க வேண்டியதே. 2022-ல் இதற்கென்று ஓய்வு பெற்ற பிரதம நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு கமிஷனும் போடப்பட்டது. ஆனால் கமிஷனுக்குச் சாட்சியம் தயாரிக்கின்றவர்களே அந்தச் சாட்சியத்தை நாளதுவரையில் கோயிலுக்குள் உற்பத்தியும் செய்து கொண்டிருக்கலாமா?

இதற்கெல்லாம் சாதாரணமாய்ச் சொல்லப்படும் சமாதானம், இது மனிதர் குற்றம், மதத்தின் குற்றமல்ல என்பது. இதையேதான் சனாதன தர்மிகளும் சொல்லுகின்றார்கள் என்பதை மாத்திரம் ஞாபகப்படுத்துகின்றோம். நல்லது ஏதாவது நடந்தால் மதத்தின் மகிமை, கெட்டது நடந்தால் மனிதர் குற்றம் என்கின்ற கணக்கு எந்த மளிகைக் கடையிலும் செல்லாது. தவிரவும், போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் 2003-ல் தமிழ்நாட்டு ஆயர்களிடத்திலேயே ஜாதி வித்தியாசத்தைக் கண்டித்துப் பேசினார் என்றும், 2022-ல் ஆந்திர தேசத்தைச் சேர்ந்த ஓர் ஆதிதிராவிடர் கர்தினால் ஆக்கப்பட்டார் என்றும் சொல்லுவார்கள். உண்மைதான், சந்தோஷமே. சபைக்குள்ளிருந்து கொண்டே ஜாதியோடு போராடி, மேல்ஜாதியாரிடம் உதையும் மேலதிகாரிகளிடம் இடமாற்றமும் பெறுகின்ற பாதிரிமாரும் கன்னியாஸ்திரீகளும் உண்டு என்பதும் நமக்குத் தெரியும். அவர்களைப் பற்றி நமக்குப் பெருமதிப்பே. அவர்கள் பேதுருவை முகத்துக்கு நேராய்க் கண்டிக்கின்றவர்கள். பேதுருக்கள் தொகைதான் அதிகமாயிருக்கின்றது.

கடைசியாக நாம் தமிழ்நாட்டு ஆயர்களையும் பிஷப்புமாரையும் மரியாதையாய்க் கேட்டுக் கொள்வது ஒன்று. ஒவ்வொரு பங்கிலும் கல்லறைத் தோட்டம் ஒன்றா இரண்டா, பிணவண்டி எல்லாத் தெருவுக்கும் போகின்றதா, தேர் எந்தத் தெருவோடு திரும்பி விடுகின்றது, பங்குப் பேரவையில் ஆதிதிராவிடர் எத்தனை பேர், சென்ற 10 வருஷத்தில் அந்தக் கோயிலில் நடந்த கல்யாணங்களில் ஜாதி விட்டு ஜாதி நடந்தவை எத்தனை என்கின்ற விவரங்களை அவர்களே எடுத்து வெளியிட வேண்டும். ஞானஸ்நானப் புஸ்தகமும் கல்யாணப் புஸ்தகமும் சாவுப் புஸ்தகமும் அவர்களுடைய பீரோவில்தான் இருக்கின்றன. அப்படி வெளியிட்டு நமக்கும் ஒரு பிரதி அனுப்பினால், அது நாம் மேலே எழுதினதற்கு எவ்வளவு விரோதமாயிருந்தாலும், ஓர் எழுத்தும் குறைக்காமல் நமது பத்திரிகையில் பிரசுரிக்கத் தயாராயிருக்கின்றோம்.